ஆனை செத்ததா, ஆள் செத்ததா?

நெடுங்கேணிப் பக்கம் விடியப்புறம் வயல் காவலுக்குப் போன உங்கள் பெரியப்பாவை யானை அடித்துக் கொன்றது, ஒரு பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை, அதே கிழமை கொழும்பில் இறந்துபோன ஒரு பிரபலத்தை மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள், எந்தச் சாவு செய்தி, எது செய்தியில்லை என்று யார் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு துண்டு வரி: "வன்னி ஆக்கள் எண்டபடியாலா?" எனக்கு அந்தத் துண்டு வரிதான் கேள்வி என்று படுகிறது. மற்றதெல்லாம் அதைக் கேட்பதற்கு எடுத்த சுற்றுவழி. வேண்டுமென்று விட்டார்களா, தானாக விடுபட்டதா என்பதுதான் உங்களுக்குத் தெரியவேண்டும்.

2003 இல், சமாதான காலத்தில், கிளிநொச்சியில் பகுதிநேர நிருபராகத் தொடங்கினேன், கொழும்புப் பேப்பர் ஒன்றுக்கு. இடப்பெயர்வு, முள்ளிவாய்க்கால், முகாம் என்று நடுவில் அறுந்துபோய், 2011 இல் திரும்பத் தொடங்கி, மூன்று வருடத்துக்கு முன்னர்தான் விட்டேன். ஆசிரியர் பீடத்தில் இருந்தவன் இல்லை, செய்தி அனுப்புகிற முனையில் நின்றவன். அதனால் மேலே என்ன நடந்தது என்று நான் சொல்வதில் பாதி, போனில் கேட்ட குரலை வைத்து ஊகித்தது. அந்த இடங்களில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

சரி, நிச்சயமாகத் தெரிந்ததில் இருந்து தொடங்கலாம். யாரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. காலையில் நான் செய்கிற வேலை மூன்று போன். ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருவருக்கு ஒன்று, பொலிசுக்கு ஒன்று, திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு ஒன்று. இந்த மூன்றுக்குள் அகப்பட்ட சாவுதான் செய்தியாகக்கூடிய சாவு, மற்றது யாராவது சந்தையில் கண்டு சொன்னால் உண்டு. விபத்து, கொலை, குளத்தில் மூழ்கினது என்றால் விசாரணை நடக்கும், கடதாசி வரும், கடதாசியில் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். நெஞ்சு நோவென்று படுத்து வீட்டில் செத்த மனிசனுக்குக் கிராம அலுவலரின் கடிதமும் பதிவும்தான், அதற்கு மேல் கடதாசி இல்லை. செட்டிகுளம் பக்கத்தில் சிறுநீரகம் பழுதாகி இரண்டு மூன்று வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து செத்தவர்களில் எத்தனை பேர் என் மூன்று போனுக்குள் அகப்பட்டார்கள் என்று யோசித்தால் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. அந்த நோய் செய்தியானது, அதில் செத்த ஆட்கள் செய்தியாகவில்லை.

உங்கள் பெரியப்பாவின் சாவுக்கு விசாரணை நடந்திருக்கும். ஆகவே அது இந்தக் கதவு வரைக்கும் வந்த சாவு. அங்காலே ஏன் போகவில்லை என்றால், முதல் காரணம் கொஞ்சம் வெட்கமானது. எங்களுக்குச் சம்பளம் இல்லை, அச்சான செய்திக்கு இவ்வளவு என்று காசு. அந்தக் காசு பல காலம் ஒரு லீற்றர் பெற்றோலுக்கும் காணாது. கிளிநொச்சியில் இருந்து உள்ளுக்குள் ஒரு ஊருக்குப் போய் வந்து எழுதினால் கையில் இருந்து போகும். எழுதி அனுப்பினாலும் வருமென்று நிச்சயமில்லை, வராவிட்டால் ஒன்றுமே இல்லை. இதனால் எந்த நிருபருக்கும் கொஞ்ச நாளில் ஒரு மூக்கு வந்துவிடும், எது கொழும்பில் ஆசிரியர் மேசையில் தங்கும், எது தங்காது என்று. பிறகு தங்காததை அனுப்புவதையே விட்டுவிடுவோம். கொழும்பில் யாரோ வெட்டினார்கள் என்று ஆக்கள் பேசுவார்கள். பெரும்பாலும் வெட்டினது நான்தான், மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் பண்ணாமல் விட்டதன் மூலம்.

ஒரு போனை மட்டும் அப்படியே சொல்கிறேன். போர் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு வயலில் யானை அடித்து ஒருவர் இறந்துபோனார், அன்றைக்கு நான் போனேன். பரணுக்குக் கீழே ரோச் லைற் எரிந்தபடியே கிடந்தது, யாரும் அணைக்கவில்லை, பொலிஸ் வரும்வரை ஒன்றையும் தொடவேண்டாம் என்று கிராம அலுவலர் சொல்லியிருந்தார். பக்கத்தில் கொளுத்தாத யானை வெடி இரண்டு. பின்னேரம் மேசைக்கு எடுத்தேன். "அண்ணை, ஒட்டுசுட்டானிலை ஆனைச் சாவு ஒண்டு." அந்தப் பக்கத்தில் கீபோட் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. "ஆனை செத்ததா தம்பி, ஆள் செத்ததா?" ஆள்தான் என்றேன். "அப்ப சுருக்கமா ரெண்டு வரி அனுப்பு. ஆனை எண்டால் படம் இருக்கோ எண்டு கேட்டிருப்பன்." அவர் கெட்ட மனிசன் இல்லை. என் பிள்ளைக்குச் சுகமில்லாதபோது தன் கைக்காசு அனுப்பினவர். அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தந்தத்தோடு விழுந்து கிடக்கிற யானையின் படம் முதல் பக்கத்துக்குப் போகும், நாட்டின் மற்றப் பக்கத்தில் உள்ளவனும் வாசிப்பான், வெளிநாட்டுக்காரனும் எடுத்துப் போடுவான். 2023 இல் மட்டும் இலங்கையில் 450 க்கு மேற்பட்ட யானைகளும் 150 க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் செத்தார்கள். இரண்டு கணக்கையும் ஒன்றாக வைத்து எழுதின கட்டுரைகள் உண்டு. ஆனால் அந்த மனிதர்களில் ஒருவரின் பெயரையாவது உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்டால், உங்களால் முடியும், உங்கள் பெரியப்பா என்றபடியால். என்னால் ஒட்டுசுட்டான்காரரின் பெயரைச் சொல்ல முடியும். மற்றவர்களுக்கு அது ஒரு எண். அந்த இரண்டு வரியும் அடுத்த நாள் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எந்தச் சாவு மேலே ஏறும் என்பதற்கு எங்கள் பேப்பர்த் தமிழிலேயே ஒரு படிக்கட்டு இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களோ தெரியாது. பெரிய மனிதர் "காலமானார்" அல்லது "மறைந்தார்". சின்னப் பிள்ளை என்றால் "பரிதாபமாக உயிரிழப்பு". மோட்டார் சைக்கிளில் போன பொடியன் "பலி". தனியாக வாழ்ந்து தனியாகச் செத்தவர் "சடலமாக மீட்பு", அவர் எப்போது செத்தார் என்பதுகூட அந்தச் செய்தியில் இருக்காது, கண்டெடுத்த நேரம்தான் இருக்கும். பலி என்ற சொல்லைப் பாருங்கள், அதில் கொன்றவன் இல்லை. "ஷெல் வீச்சில் எட்டுப் பேர் பலி" என்று எழுதலாம், ஷெல்லை அடித்தவனுக்கு அந்த வசனத்தில் இடமே வேண்டாம். நாங்கள் பல வருடம் அப்படி எழுதினது சும்மா பழக்கத்தால் இல்லை, உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காகவும்தான். இன்னொன்று, ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்த பிள்ளை விபத்தில் போனால் அந்த ஒன்பது ஏ தலைப்பில் வரும். அதே வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு மணல் டிப்பரில் உதவிக்குப் போன பொடியன் செத்தால் "இளைஞர் பலி". தாய்க்கு இரண்டும் ஒன்று. பேப்பருக்கு ஒன்பது ஏ என்பது கதை.

இதையெல்லாம் ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஜோஹான் கல்துங், மாரி ரூகே என்ற இரண்டு நோர்வேக்காரர் 1965 இல், கொங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தங்கள் நாட்டுப் பேப்பர்கள் எப்படி எழுதின என்று பார்த்து, ஒரு சம்பவம் செய்தியாவதற்கான 12 காரணங்களைச் சொன்னார்கள். சட்டென்று நடந்ததா, பெரிய நாடா, பெரிய ஆளா, எங்களுக்குக் கிட்டவா, கெட்ட செய்தியா, இப்படிப் போகும். அறுபது வருடம் ஆகியும் என் மூக்கு மோப்பம் பிடித்தது ஏறக்குறைய அதைத்தான். எனக்கு அதைவிட உறைத்தது 2007 இல் வந்த ஒரு கணக்கு. ஐசன்ஸே, ஸ்ட்ரொம்பேர்க் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், 1968 தொடக்கம் 2002 வரை நடந்த ஏறத்தாழ 5,000 இயற்கை அனர்த்தங்களை அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியோடு ஒப்பிட்டார்கள். எரிமலையில் ஒருவர் செத்தால் செய்தியில் வருவதற்கு இருக்கிற அதே வாய்ப்பு, உணவுப் பஞ்சத்துக்குக் கிடைக்க ஏறத்தாழ 40,000 பேர் சாகவேண்டும். ஒலிம்பிக் நடக்கிற நாட்களில் வந்த அனர்த்தத்துக்குச் செய்தியும் குறைவு, அமெரிக்க உதவியும் குறைவு. கவனம் என்பது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் இந்தக் கடைசி விஷயத்தைக் காட்டுங்கள், அது காசு.

ஆனால் கிட்ட, தூரம், பெரிய ஆள், சின்ன ஆள் என்பதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது, அதை நான் எந்த ஆய்விலும் படித்துக் கண்டுபிடிக்கவில்லை, சீனி சுற்றி வந்த பேப்பரில் கண்டுபிடித்தேன். 2009 ஆனி மாதம், செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். தறப்பாள் கொட்டிலுக்குள் மத்தியானம் இருக்க முடியாது, வெளியிலும் இருக்க முடியாது. சீனியைக் கொட்டிவிட்டு அந்தப் பேப்பர்த் துண்டை வழமைபோல விரித்து வாசித்தேன், பழக்கம் விடாது. எயார் பிரான்ஸ் விமானம் ஒன்று ஜூன் முதலாம் திகதி அத்திலாந்திக் கடலில் விழுந்தது, 228 பேர். எந்த நாட்டில் இருந்து எத்தனை பேர் என்ற விபரம், கடலில் தேடுகிற கப்பல்கள், விமானங்கள். எனக்கு அப்போது கோபம் வரவில்லை, சத்தியமாக. பாவம் என்றுதான் பட்டது. பிறகு படுத்துக் கிடக்கும்போது அந்த 228 என்ற எண் மண்டைக்குள் நின்றது. சுமார் 230 என்றில்லை, 228. விமானத்தில் ஏறும்போதே பெயரைப் பதிந்துவிட்டார்கள். செத்தவர்களின் பட்டியல் சாவுக்கு முன்னமே தயாராக இருந்தது. நாங்கள் நந்திக்கடல் பக்கத்தில் இருந்து நடந்து வந்தபோது எங்களை யாரும் ஏறும் இடத்தில் பதியவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பெரிய சாவுச் செய்தியைப் பார்த்தாலும் பட்டியல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். 2023 ஜூன் 14 ஆம் திகதி கிரேக்கக் கரைக்கு அப்பால், பைலோஸ் பக்கத்தில் ஒரு மீன்பிடிப் படகு மூழ்கியது. ஏறத்தாழ 750 பேர் அதில் இருந்ததாகக் கணக்கு, உயிரோடு வந்தது 104 பேர், எடுத்த உடல்கள் 82. நாலு நாள் கழித்து, ஜூன் 18, டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி காணாமல் போனது, அதில் ஐந்து பேர். உலகம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். பணக்காரன் ஏழை என்று சொல்லிவிட்டுப் போகலாம், அது பொய்யும் இல்லை. நாடும் இனமும் மட்டும்தான் காரணம் என்றால் கொஞ்சம் இடிக்கும், டைட்டனில் இருந்த ஐவரில் தகப்பனும் மகனுமாக இருவர் பாகிஸ்தான் குடும்பத்தினர், படகிலும் நூற்றுக்கணக்கான பாகிஸ்தானியர். ஆனால் ஐந்து பேரின் பெயர், படம், ஒக்சிசன் இன்னும் எத்தனை மணித்தியாலத்துக்கு என்ற கடிகாரம், எல்லாம் கையில் இருந்தது. படகில் ஏறினவர்களின் பட்டியல் யாரிடமும் இல்லை, ஏற்றினவன் வைத்திருந்தாலும் தரமாட்டான். பட்டியல் இல்லாத சாவு ஒரு தொகையாகத்தான் வரும், தொகைக்கு யாரும் அழுவதில்லை.

இங்கே போரின் கடைசி மாதங்களுக்கு, 2009 க்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் துண்டு வரி அங்கேதான் முட்டி நிற்கிறது. அந்த விஷயம் வேறு. யானை அடித்த சாவு தானாக விடுபட்டது என்றால், 2009 இன் சாவுகள் அப்படி விடுபடவில்லை, விடப்பட்டன. 2008 செப்டெம்பரில் ஐ.நா.வின் வெளிநாட்டுப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் போனார்கள், போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்றது. சுதந்திரமான ஊடகக்காரர் எவரையும் போர் நடந்த இடத்துக்கு அரசாங்கம் விடவில்லை. உள்ளே இருந்த அரச வைத்தியர்கள் சிலர் போனில் சொன்ன எண்களைத்தான் வெளி உலகம் கேட்டது. அவர்களையும் பிடித்து வைத்து, 2009 ஜூலையில் கொழும்பில் ஊடகங்களுக்கு முன்னால் இருத்தி, நாங்கள் கூட்டிச் சொன்னோம் என்று சொல்ல வைத்தார்கள். ஐ.நா.வுக்குள்ளேயே ஒரு கணக்கு இருந்தது: 2008 ஓகஸ்ட் தொடக்கம் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாக. அது ஒவ்வொரு சாவையும் சரிபார்த்து எழுதின கணக்கு, ஆகவே உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று பின்னர் வந்த ஐ.நா. நிபுணர் குழுவே சொன்னது. அந்த எண்ணை நேரத்தோடு உலகத்துக்குச் சொல்லாமல் விட்டது பெரிய தவறு என்று 2012 இல் வந்த ஐ.நா.வின் சொந்த உள்ளக மீளாய்வு எழுதியது. 2011 இல் நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. அதே வருடம் தை மாதம் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை அரசாங்கம் நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தின் கணக்கில் இருந்த சனத்தொகையில் இருந்து முகாமுக்கு வந்தவர்களைக் கழித்துக் காட்டினார், 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று எதிரான எண்கள் என்று சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு. ஒன்று சரிபார்த்த சாவு, ஒன்று மதிப்பீடு, ஒன்று கணக்கில் வராத ஆட்கள். மூன்றும் மூன்று கேள்விக்கான பதில். ஆயர் செய்தது சின்ன வகுப்புக் கழித்தல் கணக்குத்தான், ஆனால் கழிப்பதற்கு அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. அந்தக் காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அச்சான பேப்பரிலும் சாவுக்குத் தரம் இருந்தது. போராளி "வீரச்சாவு", படம், இயக்கப் பெயர், சொந்தப் பெயர், ஊர் எல்லாம் ஒழுங்காக வரும். உண்மையில் நான் பார்த்த பட்டியல்களில் மிக ஒழுங்கான பட்டியல் அதுதான். பொதுசனம் ஷெல்லில் செத்தால் எண்ணாக வந்தது. கடைசி மாதங்களில் வெளியேற முயன்றபோது புலிகளால் சுடப்பட்டவர்களும் இருந்தார்கள், அதே நிபுணர் குழு அதையும் எழுதியது. அந்தச் சாவு நான் வாசித்த எந்த உள்ளூர்ப் பேப்பரிலும் வரவில்லை. நானும் எங்கும் அனுப்பவில்லை.

எலும்புக்கும் இதே விதிதான். 2018 இல் மன்னாரில் சதொச என்கிற அரச விற்பனை நிலையக் கட்டடத்துக்கு அத்திவாரம் கிண்டின இடத்தில் 300 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுத்தார்கள், சின்னப் பிள்ளைகளினதும் இருந்தது. கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் வந்த கமராக்களுக்கு அந்த ஒழுங்கையில் நிற்க இடமில்லை. 2019 பங்குனியில் அமெரிக்க ஆய்வுகூடத்தின் காபன் பரிசோதனை வந்தது, 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்ட காலம் என்று. அடுத்த கிழமை அந்த ஒழுங்கை வெறுமை. அந்த முடிவைப் பற்றிக் கேள்வி எழுப்பியவர்கள் உண்டு, அதற்குள் நான் போகவில்லை, அது என் படிப்பில்லை. நான் பார்த்தது இவ்வளவுதான்: எலும்பு அதேதான், குற்றம் சாட்ட ஆள் இல்லாமல் போனதும் செய்தி செத்தது. முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023 இல் தண்ணிக் குழாய்க்குக் கிண்டும்போது வந்த புதைகுழியில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கும் மட்டும் ஊடகம் வந்து போனது, ஏனென்றால் அங்கே கேள்வி உயிரோடு இருந்தது.

இப்போது என்னுடைய பிழை ஒன்று. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கின போராட்டம் உங்களுக்குத் தெரியும். அதில் இருந்த தாய்மார் ஒவ்வொருவராகச் சாகத் தொடங்கினார்கள். முதலாவது அம்மாவின் சாவு பெரிதாக வந்தது, படத்தோடு. கொஞ்சக் காலத்தில் அது ஒரே அச்சில் வார்த்த வசனமாகிவிட்டது: "மகனைத் தேடிய மற்றொரு தாய் உயிரிழப்பு." அந்த "மற்றொரு" என்ற சொல் வந்தவுடனேயே செய்தி உள்பக்கத்துக்குப் போய்விடும். நானும் என்ன செய்தேன் என்றால், பழைய செய்தியைத் திறந்து, பெயரையும் வயதையும் மாற்றி, மகன் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட இடத்தை மாற்றி அனுப்பினேன். ஒருமுறை ஊரை மாற்ற மறந்துவிட்டேன். தர்மபுரம் அம்மாவுக்கு முந்தினவரின் ஊர் போய்விட்டது. மருமகன் போன் எடுத்தார். ஏசவில்லை. "அண்ணை, மாமியின்ரை ஊர் பிழைச்சுப்போச்சு, இனித் திருத்தத் தேவையில்லை, உங்களுக்குச் சொல்லுவம் எண்டுதான் எடுத்தனான்" என்றார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

மாறாக, காசு கொடுத்தால் எந்தச் சாவும் வரும். மரண அறிவித்தல் பக்கத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பேப்பரை அந்தப் பக்கத்தில் இருந்து திறக்கிறவர்கள்தான் கூட, அந்தக் காலத்தில் இலங்கை வானொலியின் மரண அறிவித்தலுக்காகவே றேடியோவைப் போடுகிற வீடுகள் இருந்தன. கனடாவில் ஒரு மகன் இருந்தால் அரைப் பக்கம், வர்ணப் படம், பேரப்பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும். ஒருவரும் வெளியில் இல்லையென்றால் சந்தி மதிலில் ஒட்டின நோட்டீஸ் மட்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பட்டியல் போடுகிற வேலையை நிருபர்கள் செய்யாத இடத்தில் சொந்தக்காரர் செய்கிறார்கள்.

எல்லாச் சாவுக்கும் வெளிச்சம் வேண்டும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றி எப்படி, எதனால், என்ன எழுதிவைத்தார் என்று விபரமாகப் போட்டால் அதைப் பார்த்து இன்னும் சிலர் போவார்கள். 2014 இல் ரொபின் வில்லியம்ஸ் என்ற நடிகர் இறந்த பிறகு வந்த மாதங்களில் அமெரிக்காவில் தற்கொலைகள் பத்து வீதமளவில் கூடினதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடன்காரர் வாசலில் வந்து நின்ற நாட்களில் இங்கே நடந்த சில சாவுகளை நான் எழுதினேன். கடனைப் பற்றி எழுதினது சரி, அந்த வீட்டின் படத்தைப் போட்டது பிழை.

உங்கள் துண்டு வரிக்கு வருகிறேன். பெரியப்பாவின் சாவை வன்னி ஆள் என்பதற்காக யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள் என்பது கிட்டத்தட்ட நிச்சயம். அநுராதபுரத்தில், பொலன்னறுவையில் யானை அடித்த சிங்கள விவசாயிக்கும் அதே இரண்டு வரிதான், அதுவும் வந்தால். பாம்பு கடித்துச் சாகிறவர்களுக்கு அதுகூட இல்லை. 2016 இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு ஒன்று வருடத்துக்கு 80,000 க்கு மேற்பட்ட பாம்புக்கடியும் ஏறத்தாழ 400 சாவும் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தது, ஆஸ்பத்திரிப் பதிவுகளில் இருந்தது அதைவிட மிகக் குறைவு. வரம்பில் புடையன் கடித்துச் சாகிறவன் எந்த மொழி பேசினாலும் பேப்பருக்கு ஒன்றுதான். ஆனால் பேப்பர் கொழும்பில் இருக்கிறது, மேசையில் இருக்கிறவர் நெடுங்கேணியை வரைபடத்தில்தான் கண்டிருப்பார், அவருடைய சொந்தக்காரர் யாரும் பரணில் படுப்பதில்லை, அந்த அளவுக்கு உங்கள் சந்தேகம் சரி. இந்தக் கடைசி வசனம் என் ஊகம்.

இனி என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அந்தப் பக்கம் தெரியும் என்பதால். நாள் போன சாவைத் தனியாக எந்தப் பேப்பரும் எடுக்காது. அதே கிராம அலுவலர் பிரிவில் இந்த ஒன்றிரண்டு வருடத்தில் யானையால் வேறு யார் செத்தார்கள் என்று கேட்டு, பெயர், வயது, திகதி, இடம் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதுங்கள். மின்சார வேலி எந்த இடத்தில் அறுந்து கிடக்கிறது, அதைப் பற்றிக் கமக்கார அமைப்பு எப்போது யாருக்குக் கடிதம் கொடுத்தது என்பதை அதற்குக் கீழே போடுங்கள், கடிதப் பிரதி இருந்தால் இன்னும் நல்லது. உயிரோடு இருந்தபோது எடுத்த படம் ஒவ்வொருவருக்கும் ஒன்று. இந்தத் தாள் கையில் இருந்தால் எந்த நிருபரும் பெற்றோல் அடித்துக்கொண்டு வருவான், ஏனென்றால் அவன் செய்யவேண்டிய வேலையில் முக்கால்வாசியை நீங்கள் செய்துவிட்டீர்கள். காலையில் அனுப்புங்கள், பின்னேரம் ஆறு மணிக்கு மேல் அனுப்பினால் பக்கம் மூடிவிடுவார்கள்.

அதோடு வனஜீவராசிகள் திணைக்களத்தின் நட்டஈட்டுக்குப் பேப்பரில் வந்திருக்கவேண்டும் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள், அது தேவையில்லை. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மரண விசாரணை அறிக்கை, மரணச் சான்றிதழ், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், இவற்றோடு பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். பெரியப்பாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் முறைப்பாட்டில் இன்னொரு மாதிரியும் இருக்கிறதா என்று போக முதலே பாருங்கள், எங்கள் ஆட்களுக்கு அங்கேதான் இழுபடும்.